பார்க்காததும் இல்லாததும்

கண்டியில் கடல் இல்லை. எங்கள் மகளிர் குழுவிலுள்ள பதினேழு பேரில் ஆறு பேர் வாழ்நாளில் ஓரிரு தடவைகள்தான் கடலைக் கண்டவர்கள். மற்றவர்களோ கடலைக் கண்டது போதும் என்று சொல்லக்கூடியவர்கள். இப்படிப்பட்ட ஒரு குழு திமிங்கிலம் எண்ணுவதைப் பற்றி இரண்டு மாதங்களாகப் பேசி, கடைசியில் வாடகைக்கு ஒரு பஸ் பிடித்துத் திருகோணமலைக்குப் போய் வந்தது. அந்தக் கதையை எழுதும்படி அவர்களே என்னைக் கேட்டுக்கொண்டார்கள். "நல்லது கெட்டது ரெண்டையும் எழுதுங்க மிஸ்" என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. கெட்டது என்று அவர்கள் குறிப்பிட்டது நான் செய்த ஒரு காரியத்தை. அதுவும் கீழே வருகிறது.

எங்கள் குழு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்டி நகரில் கூடுகிறது. 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின்போது இந்தப் பக்கத்துத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கேயும் எல்லாவற்றையும் இழந்து, யுத்தம் முடிந்த பின் உறவினரை நம்பி மீண்டும் கண்டிக்கு வந்த குடும்பங்கள் சில உண்டு. கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து இங்கேயே திருமணம் முடித்துத் தங்கிவிட்டவர்களும் உண்டு. பெரும்பாலும் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள். சேமிப்பு, தையல், பிள்ளைகளின் படிப்பு, கடன் என்றுதான் எங்கள் பேச்சு போகும்.

2025 ஆம் ஆண்டு பெப்ரவரிக் கூட்டத்துக்கு என் தோழி ஒருத்தியை அழைத்து வந்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு சமூகவியல் படித்தவள். சொந்த ஊர் சம்பூர். 2006 இல் ஊரே எழும்பி ஓடியபோது அவளும் வெருகல், வாகரை வழியாக மட்டக்களப்புக்கு நடந்து, பிறகு கிளிவெட்டி முகாமிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதியவள். இப்போது இங்கிலாந்தில் வயோதிபர் இல்லமொன்றில் வேலை. தாயாருக்குச் சுகமில்லை என்று வந்து மூன்று மாதம் நின்றாள். வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்துத்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவளோ, "நான் லீவு நாளில கப்பலில போய்த் திமிங்கிலம் எண்ணுறனான்" என்று தொடங்கினாள். கூட்டம் சிரித்துவிட்டது.

இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் இடையே பயணிகளையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல்கள் ஓடுகின்றன. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, பிஸ்கே விரிகுடாவைக் கடந்து, மறுநாள் ஸ்பெயினின் வடகரையை அடையும். இந்தப் பாதையில் திமிங்கிலங்களையும் டொல்பின்களையும் எண்ணும் வேலை 1995 இல், பில்பாவோ நகருக்கு ஓடிய 'பிறைட் ஒஃப் பில்பாவோ' என்ற கப்பலில் ஆரம்பமாயிற்று. 2001 இல் 'ஓர்கா' என்ற தொண்டு நிறுவனம் உருவாகி, சாதாரண மக்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து இப்படிப்பட்ட கப்பல்களில் அனுப்பத் தொடங்கியது. கடல்சார் விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. என் தோழியின் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் ஒரு தாதியும் இருந்தார்களாம்.

ஏன் பயணிகள் கப்பல்? தனியாக ஒரு ஆய்வுக் கப்பலைக் கடலில் ஓட்டுவதற்கு ஆகும் எண்ணெய்ச் செலவை நினைத்துப் பாருங்கள். இதுவோ எப்படியும் ஓடுகிற கப்பல். அதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று: அது வருடக்கணக்காக அதே பாதையில் போய் வருகிறது. கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் தினமும் முன் ஆசனத்தில் இருந்து போகும் ஒருவர், பாதையோரம் எத்தனை மரம் இருந்தது, இந்த வருடம் எத்தனை குறைந்தது என்று தெளிவாகச் சொல்லுவார் அல்லவா? அதே கணக்குத்தான். ஒரு நாள் பார்த்தவர் கதை சொல்லலாம். முப்பது வருடம் பார்த்தால்தான் கூடியதா குறைந்ததா என்று சொல்லலாம்.

வேலை நடக்கும் விதத்தை அவள் விபரமாகச் சொன்னாள். கப்பலோட்டிகள் நிற்கும் உயரமான அறையில் கப்டனின் அனுமதியோடு தொண்டர்கள் நிற்பார்கள். ஒருவர் கப்பல் மூக்கிலிருந்து இடப்பக்கம், ஒருவர் வலப்பக்கம். இன்னொருவர் எழுதுபவர். கண் களைத்துவிடும் என்பதால் இடம் மாறி மாறி நிற்பார்கள். கப்பல் எந்த இடத்தில் நிற்கிறது, கடல் எவ்வளவு கொந்தளிப்பு, வெளிச்சம் எப்படி, வெயில் நீரில் பட்டுக் கண் கூசுகிறதா என்பதெல்லாம் குறிக்க வேண்டும். ஏதாவது தெரிந்தால் எந்தக் கோணத்தில், எவ்வளவு தூரத்தில், எத்தனை, என்ன செய்தது என்று எழுத வேண்டும்.

"முதல் பயணத்தில மூண்டு மணித்தியாலம் நான் ஒண்டையும் காணேல்ல. அதையும் எழுதச் சொன்னவை. ஒண்டுமில்லை எண்டு எழுதாட்டி அந்த மூண்டு மணித்தியாலமும் வீண் எண்டு சொன்னவை" என்றாள்.

எங்கள் குழுவில் ஹந்தானைப் பக்கத்திலிருந்து வரும் அம்மா ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். கூட்டங்களில் அதிகம் பேசமாட்டார். சிறுவயதில் தகப்பனோடு கிளிநொச்சிக்குப் போனவர். 2009 இல் கணவரை ஷெல்லுக்குக் கொடுத்துவிட்டு, மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பின் மகனைத் தொலைத்தவர். மகன் ஏறிய பஸ்ஸைத் தன் கண்ணால் கண்டதாக அன்றிலிருந்து சொல்லிவருகிறார். அந்த அம்மாதான் அன்று கேட்டார்:

"எங்களையும் நெறயப் பேர் எண்ணிட்டுத்தான் போனாங்க பிள்ளை. ஃபோம் நிரப்பாத வருசமே இல்ல. அப்புறம் அந்தக் கணக்கு எங்க போகுது?"

அறை அமைதியாகிவிட்டது. ஃபோம் நிரப்பியவர்களில் நானும் ஒருத்தி. பத்து வருடமாக எத்தனை நிறுவனங்களுக்காக எத்தனை தகவல் படிவங்களை இந்தப் பெண்களின் முன் வைத்து நிரப்பியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பெறுபேறு என்னவென்று திரும்பி வந்து சொன்ன சந்தர்ப்பங்கள் மிகச் சில. என் தோழி அந்தக் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் ஒரு உதாரணம் சொன்னாள். அந்த உதாரணம் எங்கள் நாட்டுடையது.

இலங்கையின் தெற்கே, தேவேந்திரமுனைக்கு அப்பால், உலகிலேயே நெரிசல் மிகுந்த கப்பல் பாதைகளில் ஒன்று செல்கிறது. அதே நீரில்தான் நீலத் திமிங்கிலங்கள் இரை தேடுகின்றன. நீலத் திமிங்கிலம்தான் உலகில் இதுவரை வாழ்ந்த உயிரினங்களிலேயே பெரியது. அத்தனை பெரியது உண்பதோ கூனி இறால் போன்ற மிகச் சிறியவற்றை. மற்றக் கடல்களில் இவை இரைக்காகக் குளிர்க்கடலுக்குப் போய்வரும். எங்கள் கடலில் வாழ்பவை அப்படித் துருவத்துக்குப் போவதில்லை. 2003 இல் இந்தக் கடலில் ஒரு ஆய்வுக் கப்பலில் சென்ற ஆஷா டி வொஸ் என்ற இளம் பெண், நீரில் மிதந்த திமிங்கில மலத்தைக் கண்டு, இவை இங்கேயே உண்கின்றன என்று ஊகித்தார். பின்னர் கடல்வாழ் பாலூட்டி ஆராய்ச்சியில் கலாநிதிப் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது. மலத்தைப் பார்த்து ஒரு ஆராய்ச்சி தொடங்கியது என்றதும் பின்வரிசையில் சிரிப்பு. கைக்குழந்தை வைத்திருந்த ஒரு தங்கச்சி, "நாங்களும் தினம் அதைப் பாத்துத்தான் புள்ளைக்கு என்ன வருத்தம்னு சொல்றோம்" என்றாள்.

இந்தத் திமிங்கிலங்களைக் கப்பல்கள் மோதிக் கொல்கின்றன. 2012 இல் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முன்பக்கத்தில் இறந்த திமிங்கிலம் ஒன்று தொங்கியபடி வந்தது. மோதியது மாலுமிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவ்வளவு பெரிய கப்பல். ருகுணு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து, கடலில் கோடு போட்டதுபோல் போய் வந்து, திமிங்கிலம் எங்கே கூடுதல், எங்கே குறைவு என்று எண்ணினார்கள். கப்பல்கள் தம் பாதையை 15 கடல் மைல் மட்டும் தெற்கே தள்ளினால், மோதும் ஆபத்து ஏறக்குறைய 95 சதவீதம் குறையும் என்பது அவர்கள் கண்ட முடிவு. தெற்கே ஒன்றுமில்லை என்று எழுதிய தாள்கள் இல்லாவிட்டால் இதைச் சொல்லியிருக்க முடியாது. 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.ஸி. தன் கப்பல்களை அப்படியே தெற்காக விலக்கி ஓட்டத் தொடங்கியது. எல்லா நிறுவனங்களும் அல்ல. ஒரு நிறுவனம்.

"அந்தக் கணக்கு அங்க போச்சுது அம்மா" என்றாள் தோழி.

"திமிங்கிலத்துக்கு வழி விட்டுட்டாங்க" என்றார் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகிழ்ந்தாரா, கோபப்பட்டாரா என்று எனக்குப் புரியவில்லை.

மார்ச் கூட்டத்தில் பேச்சு தானாகவே அதற்குத் திரும்பியது. நம்மாலும் எண்ண முடியுமா என்று முதலில் கேட்டது, அக்குறணையில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மூதூர்த் தங்கச்சி. கொட்டியாரக் குடாவைக் கடக்கும் மூதூர் லோஞ்ச்சில் உம்மாவின் மடியில் இருந்து திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போன நாட்களில், லோஞ்ச்சோடு கூடவே ஓங்கில்கள் பாய்ந்து வருமாம். ஓங்கில் என்பது டொல்பின்தான். "எனக்குச் சத்தி வாறத மறக்கப் பண்ண உம்மா அதத்தான் எண்ணச் சொல்றது" என்றாள். என் தோழிக்கும் அதே லோஞ்ச்தான், அதே குடாதான். கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்பட்டு, பின்னர் மற்ற ஆறுகளுக்கும் பாலங்கள் வந்த பிறகு லோஞ்ச்சுக்கு இருந்த அவசியம் குறைந்துவிட்டது. அன்றைக்கு அந்த லோஞ்ச்சில் யாராவது ஒருவர் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தால் இன்று நாற்பது வருடக் கணக்கு கையில் இருந்திருக்கும். யுத்த காலத்தில் பைனாகுலரோடும் கொப்பியோடும் கடலைப் பார்த்து நின்றவரை என்ன செய்திருப்பார்கள் என்பதும் எங்களுக்குத் தெரிந்ததுதானே.

அப்போதுதான் கண்டிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பதும் எங்களுக்கு விளங்கியது. பேராதனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் நாம் பார்க்கும் மகாவலி, பொல்கொல்லை, விக்டோரியா என்று அணைகளைத் தாண்டி, 335 கிலோமீற்றர் ஓடி, கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. அந்த இடத்தில் கடலின் அடித்தளம் சாதாரணமாக இல்லை. ஆழமான ஒரு பள்ளத்தாக்கு குடாவுக்குள்ளிருந்தே தொடங்கி, வெளியே போகப் போக 3,000 மீற்றரையும் தாண்டுகிறது. அதனால்தான் ஆழ்கடலில் வாழும் நீலத் திமிங்கிலமும், கணவாய் தேடி ஆழத்துக்கு மூழ்கும் ஸ்பேர்ம் திமிங்கிலமும் திருகோணமலையில் கரைக்கு இத்தனை அருகில் வருகின்றன. பிஸ்கே விரிகுடாவிலும் இப்படியான பள்ளங்கள்தான் திமிங்கிலங்களை இழுக்கின்றனவாம். நாங்கள் கண்டி வாவியிலிருந்து மெத எலயில் விடும் அழுக்கும், கொஹாகொடைக் குப்பைமேட்டிலிருந்து கசிவதும் அதே ஆற்றில்தான் சேர்கின்றன. ஷொப்பிங் பேக்கைத் திமிங்கிலம் இரையென்று விழுங்கிவிடும் என்று தோழி சொன்னபோது சிலர் தம் கைப்பையில் இருந்ததைப் பார்த்தார்கள்.

படகு பிடித்துக் கடலுக்குள் போகப் பணம் இல்லை. கடலுக்குள் வரமாட்டேன் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் திருக்கோணேஸ்வரம் இருக்கும் சுவாமிமலை ஏறக்குறைய நூறு மீற்றர் உயரத்தில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கரையில் நின்றபடியே நீலத் திமிங்கிலத்தைக் காணக்கூடிய, உலகின் மிகச் சில இடங்களில் அது ஒன்று. மார்ச், ஏப்ரலில் கடலும் அமைதி. கப்பலுக்குப் பதில் மலை. கோயிலும் கும்பிட்டதாக ஆகும் என்று வயதானவர்கள் சம்மதித்தார்கள்.

இதை நான் வேலை செய்யும் வட்டாரத்தில் ஒருவரிடம் சொன்னபோது, "வாழ்வாதாரப் பயிற்சி எத்தனையோ இருக்க, திமிங்கிலமா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வாழ்வாதாரப் பயிற்சி என்று இந்தப் பெண்களுக்குப் பத்து வருடமாக நாங்கள் கொடுத்த சவர்க்காரப் பயிற்சியையும் ஊதுபத்திப் பயிற்சியையும் நினைத்துக்கொண்டு நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய். விடியும்போது திருகோணமலை. பதினான்கு பெண்கள், நான்கு பிள்ளைகள், இரண்டு பைனாகுலர், பாடசாலைப் பாகைமானியை மட்டையில் ஒட்டிச் செய்த கோணப் பலகை ஒன்று, கோடு போட்ட தாள்கள். கோயிலுக்குப் போவதென்றால் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே இராணுவம் நிற்கிறது. அதுவரை பாட்டும் கூத்துமாக வந்த கூட்டம் அந்த வாசலில் ஒரே வரிசையாகி, பைகளைத் தாமாகவே திறந்து பிடித்தது. யாரும் கேட்கவில்லை. உள்ளே மான்கள் மேய்ந்துகொண்டிருந்ததைப் பிள்ளைகள் கண்டு கத்திய பிறகுதான் மீண்டும் பேச்சு வந்தது.

தோழி சம்பூரிலிருந்து முன்னதாகவே வந்து நின்றாள். கும்பிட்டு முடித்து, இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு நிழலைப் பிடித்து, ஏழரை மணிக்கு வேலையைத் தொடங்கினோம். அரை மணிக்கு ஒரு தடவை ஆள் மாறுவது. மூதூர்த் தங்கச்சி எழுதுபவள். அவளுடைய எழுத்துத்தான் நல்லது. கடலின் அமைதிக்குப் பூச்சியத்திலிருந்து பன்னிரண்டு வரை இலக்கம் உண்டு. கண்ணாடி போலிருந்தால் 0. அங்கங்கே வெள்ளை நுரை தெரியத் தொடங்கினால் 3. அன்று காலை 1. ஆனால் நாங்கள் பார்த்த திசை கிழக்கு. சூரியன் நேரே முகத்தில். 'கண் கூச்சம்: அதிகம்' என்று எழுதினோம்.

எட்டு இருபதுக்கு டொல்பின்கள். சுழன்று சுழன்று பாய்ந்தன. பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் கோயிலுக்கு வந்தவர்களெல்லாம் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். எத்தனை என்பதில் சண்டை வந்துவிட்டது. ஒருத்தி முப்பது என்றாள். ஒருத்தி எண்பதுக்குக் குறையாது என்றாள். இதற்கும் முறை உண்டு: நிச்சயமாக இத்தனைக்குக் குறையாது, எப்படியும் இத்தனைக்குக் கூடாது, அநேகமாக இத்தனை என்று மூன்று இலக்கம் எழுத வேண்டும். 30, 80, 50 என்று எழுதினோம். ஒருவருடைய சொல்லைத் தள்ளி ஒருவருடையதை எடுக்காமல் மூன்றையும் எழுத இடம் வைத்திருந்தது எல்லோருக்கும் பிடித்துக்கொண்டது.

அதன் பிறகு ஒன்றுமில்லை. ஒன்பது மணி, ஒன்றுமில்லை. ஒன்பதரை, ஒன்றுமில்லை. வெயில் ஏறியது. தோழி சிலரை அழைத்துக்கொண்டு பூசைக்குப் போனாள். காவலுக்கு நின்ற இருவரும் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வாங்கக் கீழே இறங்கிவிட்டார்கள். பத்தே காலுக்குத் தாளைப் பார்த்தேன். ஒன்பதரையிலிருந்து பத்து வரையான வரி வெறுமையாக இருந்தது. நான் பேனையை எடுத்து அதில் 0 என்று போட்டேன். வெறுமையான கட்டத்தைக் கண்டால் நிரப்பிவிடுவது என் கைக்குப் பழக்கமாகிவிட்டது. வருட முடிவு அறிக்கைகளில் இப்படி அண்ணளவாக நான் நிரப்பிய கட்டங்கள் கொஞ்சமல்ல.

ஹந்தானை அம்மா பக்கத்தில் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

"அந்த நேரம் யாரு பாத்தா மிஸ்?"

"யாரும் இல்லையம்மா. ஆனா இருந்திருந்தா கட்டாயம் கண்டிருப்போம்தானே."

"யாரும் பாக்கல. அப்புறம் எப்பிடி இல்லன்னு எழுதுவீங்க? பாக்காததும் இல்லாததும் ஒண்ணா மிஸ்?"

அவருடைய குரல் உயரவில்லை. மகனைப் பற்றிய முறைப்பாட்டுக்கு வருடங்கள் கழித்து ஒரு இடத்திலிருந்து அவருக்கு வந்த கடிதத்தை வாசித்துக் காட்டியவள் நான்தான். விசாரித்ததாகவும் தகவல் எதுவும் இல்லை என்றும் இரண்டு வரி. யார், எங்கே, எப்போது விசாரித்தார்கள் என்று அதில் ஒரு சொல் இல்லை. அன்று அதை வாசித்துவிட்டு, "சரியம்மா, ஃபைலில் வையுங்கள்" என்று சொன்னவளும் நான்தான்.

பூசை முடிந்து வந்த தோழியிடம் நடந்ததைச் சொன்னேன். "அம்மா சொல்லுறதுதான் சட்டம்" என்றாள். ஆள் நின்று பார்த்துக் காணாவிட்டால் 0. ஆள் நிற்காவிட்டால் கோடு. இரண்டையும் கலந்தால் முழுத் தாளும் பழுது. அதுமட்டுமல்ல, நின்று பார்த்தாலும் நீருக்கு அடியில் இருப்பது தெரியாது. நீலத் திமிங்கிலம் ஒரு தடவை மூழ்கினால் பத்து நிமிடத்துக்கு மேல் கீழே இருக்கும். ஸ்பேர்ம் திமிங்கிலம் முக்கால் மணித்தியாலமும் இருக்கும். ஆகவே கண்டதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்று வைத்துத்தான் விஞ்ஞானிகள் கணக்குப் போடுவார்கள். நான் 0 ஐ வெட்டி, 'பார்க்கவில்லை' என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கடலைப் பார்த்தபடியே தோழி சம்பூர்க் கதை ஒன்று சொன்னாள். 2017 மே மாத இறுதியில் அவர்களுடைய கரையில் இருபதளவான பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. இவை கூட்டத்தை விட்டுப் பிரியாதவை. ஒன்று கரைக்கு வந்தால் மற்றவையும் வரும். 2016 ஜனவரியில் தமிழ்நாட்டின் மணப்பாட்டுப் பக்கம் எண்பதுக்கு மேற்பட்டவை இப்படி ஒதுங்கி, பாதிக்கு மேல் இறந்தன. 2020 நவம்பரில் பாணந்துறையில் நூறுக்கு மேல் வந்தபோது, கடற்படையும் ஊரவர்களும் இரவிரவாகத் தள்ளி, சிலவற்றைத் தவிர மற்றெல்லாவற்றையும் காப்பாற்றினார்கள். சம்பூரிலும் அப்படித்தான். 2015 இல் காணி விடுவிக்கத் தொடங்கி, ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம்கூட ஆகாத சனம். பத்து வருடமாக அவர்கள் மண்ணில் முகாம் போட்டிருந்த அதே கடற்படை. இரு தரப்பும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தள்ளி எல்லாவற்றையும் கடலுக்கு அனுப்பினார்கள். "நேவியும் நாங்களும் சேந்து செய்த முதல் வேலை அதுதான் எண்டு சின்னம்மா இப்பவும் சொல்லுவா" என்றாள். பிறகு சிறிது நேரம் கழித்து, "சின்னம்மான்ர வளவுக்க அவை கட்டின சுவர் இன்னும் கிடக்குது" என்றும் சொன்னாள்.

மூன்று மணிக்கு மீண்டும் நின்றோம். இப்போது சூரியன் முதுகில். கடல் 2. கண் கூச்சம் இல்லை. நான்கு பத்துக்கு, வலப்பக்கம் பார்த்து நின்ற ஹந்தானை அம்மா, "அந்தா, பொக பொக" என்றார். பைனாகுலர் இல்லாமல், வெறும் கண்ணால். திமிங்கிலம் மூச்சு விடும்போது நீர்த்திவலை ஒரு தூண்போல எழும்பும். நீலத் திமிங்கிலத்தினது ஒன்பது மீற்றர் வரை போகும். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒன்றுமில்லை. தோழி பைனாகுலரை வைத்துப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் பார்த்தாள். இல்லை.

"அலையா இருக்கும் அம்மா" என்றாள் ஒருத்தி.

"நான் பாத்தேன்."

"படகுப் புகையா இருக்கும்."

"நான் பாத்தேன்ங்கிறேன்."

எழுதும் தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. காலையில் வாங்கியது போதும். தோழி தாளை எடுத்துக் கடைசிப் பத்தியைக் காட்டினாள். 'நிச்சயம்', 'அநேகமாக', 'இருக்கலாம்' என்று மூன்று கட்டம். அம்மாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினாள். எந்தத் திசை, கையால் காட்டுங்கோ. நேராக எழும்பினதா, சரிந்து எழும்பினதா. எவ்வளவு நேரம் நின்றது. நிறம் என்ன. படகு பக்கத்தில் இருந்ததா. அம்மா ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொன்னார். நேராக எழும்பியது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் நின்றது. வெள்ளை. படகு இல்லை. முதுகு தெரிந்ததா என்று கேட்டபோது, "இல்ல, அது நான் பாக்கல" என்றார். தெரிந்தது என்று சொல்லியிருந்தால் கட்டம் ஒருவேளை 'அநேகமாக' என்று ஏறியிருக்கும்.

கோணப் பலகையை அவர் காட்டிய திசைக்குத் திருப்பி இலக்கத்தைக் குறித்தோம். தங்கச்சி வாசித்துக் காட்டினாள்: "நாலு பத்து. ஊதல் ஒண்டு. நேராக, வெள்ளை, உயரம். உடல் காணவில்லை. கண்டவர் ஒருவர். இருக்கலாம்."

"இருக்கலாம்னா நான் பொய் சொன்னதா ஆகுமா?"

"இல்லையம்மா. நீங்க சொன்னது பதிவாகியிருக்கு எண்டு அர்த்தம். நாளைக்கு இன்னொரு ஆள் அதே இடத்தில கண்டால் இதுவும் சேரும்."

ஐந்தரை வரை நின்றோம். அதற்குப் பின் ஒன்றுமில்லை. நின்று பார்த்ததால் மனச்சாட்சியோடு 0 எழுதினோம். ஒன்றும் பெரிதாகக் காணவில்லையே என்று பிள்ளைகளுக்குச் சற்று ஏமாற்றம். நடுத்தர வயது அக்கா ஒருவர் அன்று முழுவதும் கடலுக்கு முதுகு காட்டியபடியே உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தார். அவரைத் திரும்பும்படி யாரும் கேட்கவில்லை.

மே மாதக் கூட்டத்துக்குத் தாள்களைப் போட்டோக் கொப்பி எடுத்துக் கொண்டுபோனேன். மூலப்பிரதி எங்கள் ஃபைலில் இருக்கிறது. ஒரு பிரதியைத் தோழி இங்கிலாந்துக்குப் போகும்போது எடுத்துப் போனாள். ஹந்தானை அம்மா தனக்கும் ஒன்று கேட்டார். அவர் எங்கும் கொண்டு திரியும் பிளாஸ்டிக் கவர் ஒன்று உண்டு. மகனின் பிறப்புச் சான்றிதழ், ஒரு போட்டோ, முறைப்பாட்டு ரசீதுகள், அந்த இரண்டு வரிக் கடிதம். தாளை நான்காக மடித்து அந்தக் கவருக்குள் வைத்தார்.

அடுத்த ஏப்ரலுக்கு பஸ் காசு சேர்க்க மாதம் ஆளுக்கு இருநூறு ரூபாய் என்று அன்றே தீர்மானித்தார்கள். இந்தத் தடவை தேத்தண்ணிக்கு இறங்குவோரின் இடத்துக்கு நிற்க இரண்டு பேர் மேலதிகமாக வேண்டும் என்று ஹந்தானை அம்மா சொல்லியிருக்கிறார். கணக்குக் கொப்பி மூதூர்த் தங்கச்சியிடம்.